இறந்தோரின் மறுமொழி: குணவியல்பும் இலக்கமுறை மறுவாழ்வும் பற்றிய ஒரு நோக்கு

தான் இறக்கப் போகின்றவன் என்பதை மனிதன் அறிவான். அதனை அறிந்த நாள் முதலாக, இறந்த பின்னும் எவ்வாறேனும் எஞ்சி நிற்க வேண்டும் என்னும் வேட்கை அவனை விட்டு நீங்கியதில்லை. தமிழர் வாழ்வில் இவ்வேட்கை பெற்ற வடிவங்கள் பல. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் பொறித்த வழக்கினைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. அவ்வழக்கின் படிநிலைகளைத் தொல்காப்பியர் இலக்கணமாகவே வகுத்துள்ளார். வள்ளுவர் இல்லறவியலின் இறுதி அதிகாரமாகப் புகழை வைத்தார். பூதவுடம்பு அழிந்தாலும் புகழுடம்பு நிலைக்கும் என்பது நமது மரபின் ஆழ்ந்த நம்பிக்கையாகும்.

இன்று இவ்வேட்கைக்குப் புதியதொரு கருவி கிடைத்துள்ளது. இறந்தவர் எழுதிய கடிதங்கள், அனுப்பிய குறுஞ்செய்திகள், பதிவான குரல், எடுத்த நிழற்படங்கள் ஆகியன ஒரு கணினிக்கு ஊட்டப்படுகின்றன. அவற்றிலிருந்து அவரது பேச்சின் பாங்கினைப் பயின்றுகொள்ளும் செயற்கை நுண்ணறிவு, அவர் ஒருபோதும் சொல்லாத புதிய வாக்கியங்களை அவர் சொல்வது போலவே சொல்கின்றது. மொஸ்கோ நகரில் 2015ஆம் ஆண்டு வீதி விபத்தில் இறந்த ரோமன் மசுரெங்கோ என்பவரின் குறுஞ்செய்திகளைத் திரட்டி, அவருடைய தோழியான யூஜீனியா குய்தா 2016இல் உரையாடும் நிரல் ஒன்றினை ஆக்கினார். தென்கொரியத் தொலைக்காட்சியொன்று 2020ஆம் ஆண்டில், நோயால் இறந்த தன் சிறுமகளின் உருவத்தைத் தாயொருத்தி கணினித் தோற்றவுலகிற் சந்திக்கும் காட்சியை ஒளிபரப்பியது. தமிழுலகிலும் இம்முயற்சிகள் வந்துவிட்டன. இவற்றை வியப்போடு மட்டும் நோக்குவதோ, வெறுப்போடு தள்ளிவிடுவதோ திறனாய்வு ஆகாது. இவ்வாறு திரும்பி வருவது எது, இதனை வேண்டுவோர் யாவர், இதனை மதிப்பிட நம்மிடம் அளவுகோல் உண்டா என்னும் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

முதலில், திரும்பி வருவது எது என்பதை நோக்குவோம். இக்கருவிகளை ஆக்குவோர், ஒருவரின் குணவியல்பினையே மீட்டுத் தருவதாகக் கூறுகின்றனர். இக்கூற்றுக்கு உளவியலிற் சில ஆதாரங்கள் உண்டு என்பதை மறுத்தலாகாது. உளவியலாளர் குணவியல்பினைப் புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறமுக நாட்டம், இணக்கம், மனக்கலக்கம் என ஐந்து கூறுகளாகப் பகுத்து அளப்பர். கேம்பிறிட்ஜ், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர் மூவர் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றில், எண்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகநூலில் இட்ட ‘லைக்’ குறிகளைக் கொண்டு கணினி அவர்களுடைய குணவியல்பினை மதிப்பிட்டது. ஏறத்தாழப் பத்துக் குறிகள் கிடைத்தால் உடன் பணியாற்றுபவரைவிடவும், எழுபது கிடைத்தால் நண்பரைவிடவும், நூற்றைம்பது கிடைத்தால் குடும்பத்தவரைவிடவும், முந்நூறு கிடைத்தால் வாழ்க்கைத் துணையைவிடவும் கணினியின் மதிப்பீடு, அவரவர் தம்மைப் பற்றித் தாமே அளித்த விடைகளுடன் கூடுதலாகப் பொருந்தியது. 2024இல் வெளியான பிறிதோர் ஆய்வில் 1,052 பேரிடம் இரண்டு மணிநேர நேர்காணல் எடுக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு கணினிப் பிரதி அமைக்கப்பட்டது. ஒருவர் இரு வாரங்களின் பின்னர் தமது முந்தைய விடைகளையே எந்த அளவுக்குத் திரும்பக் கூறுவாரோ, அதில் எண்பத்தைந்து விழுக்காடு அளவுக்கு அவரது பிரதியும் சரியாக விடையளித்தது.

இவ்வெண்கள் நம்மை மலைக்கச் செய்வன. எனினும் இங்கு ஒரு வேறுபாட்டினைக் கருத்திற் கொள்ளவேண்டும். குணவியல்பு என்று அளக்கப்படுவது ஒருவர் பெரும்பாலும் எவ்வாறு நடந்துகொள்வார் என்னும் சராசரியே. நாம் ஒருவரை நினைவிற் கொள்வதோ பெரும்பாலும் அச்சராசரியை அவர் மீறிய தருணங்களைக் கொண்டாகும். வாழ்நாள் முழுவதும் அடங்கிப் பேசிய ஒருவர் ஒரேயொரு முறை கங்காணியின் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்லியிருப்பார். அவருடைய பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்லே அவர். பல்லாயிரம் சொற்களைச் சராசரிப்படுத்தும் கருவிக்கு அச்சொல் ஒரு விதிவிலக்கு மட்டுமே. மேலும், பிரதியிடம் எதனைக் கேட்டாலும் அது விடை தரும். விடை தருவதற்கென்றே அது ஆக்கப்பட்டுள்ளது. உயிரோடிருந்தவரோ சில கேள்விகளுக்கு விடை தர மறுத்தவர். அம்மறுப்பிலேயே அவருடைய ஆளுமையின் பெரும்பகுதி அடங்கியிருந்தது. ஆகவே, திரும்பி வருவது பேச்சின் பாங்கு. வராதது மறுக்கும் ஆற்றல் எனலாம்.

2

இரண்டாவதாக, இதனை வேண்டுவோர் யாவர்? மரணத்தை மறுக்கும் முயற்சியாகவே மனிதப் பண்பாடு முழுவதையும் விளக்க முயன்றவர் ஏர்னெஸ்ற் பெக்கர். அவருடைய நூல் 1973இல் வெளியாயிற்று. உளமருத்துவரான றொபேட் ஜே லிஃப்ரன், வழித்தோன்றல்களில் வாழ்தல், படைப்புகளில் வாழ்தல், சமயநம்பிக்கையில் வாழ்தல், இயற்கையில் கலந்து வாழ்தல், தன்னை மறந்த அனுபவத்தில் வாழ்தல் எனக் குறியீட்டு முறையிலான நிலைபேற்றினை ஐவகைப்படுத்தினார். இவ்வைந்தில் எதனை ஒருவர் நாடுவார் என்பது அவரவர் குணத்தைப் பொறுத்தது. தன் சொல்லின் மீது தீராத பற்றுடையவர் நூலை நாடுவார்; பிள்ளைகளின் மீது பற்றுடையவர் அவர்களோடு அமைவார்; தன்னை ஒரு பொருட்டாகக் கருதாதவர் எதனையும் நாடார்.

இலக்கமுறை மறுவாழ்வினைப் பொறுத்தவரையில் ஒருவருடைய குணம் மற்றொருவருடைய குணத்துக்கு நேர்மாறாக நிற்பதைக் காணலாம். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரான றே கேர்ஸ்வைல், இசைஞராயிருந்து மறைந்த தம் தந்தையின் எழுத்துகளைத் திரட்டி அவரைப் போல உரையாடும் நிரலை அமைத்தார். நடிகர் றொபின் வில்லியம்ஸோ, தமது உருவமும் பெயரும் தாம் இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் வரை, அதாவது 2039 வரை, பயன்படுத்தப்படலாகாது என முன்னரே ஆவணம் எழுதி வைத்துவிட்டு 2014இல் மறைந்தார். இவ்விருவரில் ஒருவர் மகன்; மற்றவர் இறந்தவர். நிலைபேற்றினை வேண்டியவர் எஞ்சியிருந்த மகனே. வேண்டாம் என்றவரே இறக்கப்போகின்றவராக நின்று பேசினார். இவ்விரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு பொதுவிதி வகுத்தலாகாது என்பது உண்மையே. ஆயினும், தமிழுலகில் நாம் காணும் நிகழ்ச்சிகளை நோக்குமிடத்தும், வேட்கை எஞ்சியிருப்போருடையதாகவே தோன்றுகின்றது.

3

2024ஆம் ஆண்டு வெளியான ‘லால் சலாம்’ திரைப்படத்தின் ‘திமிரி எழுடா’ என்னும் பாடலில், 2022இல் மறைந்த பம்பா பாக்யா, 1990களின் இறுதியில் மறைந்த சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக அவர் வெளிப்படையாகக் கூறினார். அதே ஆண்டில், 2020இல் மறைந்த எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் தெலுங்குத் திரைப்படமொன்றில் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதென அவருடைய குடும்பத்தார் சட்ட அறிவித்தல் அனுப்பினர். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது, ரகுமானின் செயல் நாகரிகமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இரு நிகழ்ச்சிகளிலும் கேட்கப்பட்டது குடும்பத்தாரின் விருப்பமே. இந்தப் பாடலைத் தாம் பாடியிருப்பாரா என்று பாடகரிடம் கேட்க ஒருவராலும் இயலவில்லை.

இன்னும் நெருக்கமானது பவதாரிணியின் பாடல். ‘பாரதி’ திரைப்படத்திற் பாடிய ‘மயில் போல பொண்ணு’ பாடலுக்காகத் தேசிய விருது பெற்ற அவர், 2024 சனவரி 25ஆம் நாள் நமது நாட்டிலேயே, கொழும்பில், காலமானார். அவ்வாண்டு வெளியான விஜயின் ‘கோட்’ திரைப்படத்திற்கென ‘சின்னச் சின்னக் கண்கள்’ பாடலை ஆக்கிக்கொண்டிருந்தபோது, அதனைத் தம் சகோதரி குணமடைந்து வந்து பாடவேண்டும் என எண்ணியதாகவும், சிறிது நேரத்திலேயே அவருடைய மறைவுச் செய்தி வந்ததாகவும் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜா தெரிவித்தார். பின்னர் அவரது குரல் கணினியின் துணையோடு அப்பாடலில் இடம்பெற்றது. இத்தகைய பாடல்களிற் பொதுவாக உயிரோடிருக்கும் ஒருவர் முதலிற் பாட, அக்குரலின் நிறமே இறந்தவருடையதாக மாற்றப்படுகின்றது. மூச்செடுக்கும் இடம், சொல்லை அழுத்தும் இடம், ஒரு சங்கதியைத் தவிர்க்கும் துணிவு ஆகிய யாவும் அந்த உயிருள்ளவருடையனவே. பாடலைக் கேட்கையில் நாம் உருகுவதற்குக் காரணம் அக்குரலின் கலைத்திறன் மட்டுமன்று. தம்பியொருவரின் இழப்பும் அதில் ஒலிப்பதேயாகும். இப்பாடலை ஒரு சகோதரனின் இரங்கற்பா எனக் கொண்டால் அது சிறந்த படைப்பு. பவதாரிணியின் பாடல்களுள் ஒன்றாக அதனைக் கணக்கிட முற்பட்டாற் பிழை நேர்கின்றது.

மூன்றாவது நிகழ்ச்சி அரசியல் மேடையில் நிகழ்ந்தது. 2018இல் மறைந்த மு. கருணாநிதியின் உருவமும் குரலும் 2024 சனவரியில், ரி. ஆர். பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவிலே திரையிற் தோன்றி வாழ்த்துரைத்தன. மகனின் தலைமையையும் பாராட்டின. அவ்வுரை கேட்டோருக்கு மகிழ்ச்சியளித்திருக்கலாம். எனினும் கருணாநிதியின் பேச்சுக்குச் சிறப்பளித்தது அவர் அடுத்து என்ன சொல்வார் என்று கட்சிக்காரரும் அறியமாட்டார் என்பதன்றோ? சட்டமன்றத்திற் குறுக்கிட்டவருக்கு அவர் அளித்த உடனடி விடைகளைத் தமிழர் இன்றும் எடுத்துச் சொல்வர். திரையிற் தோன்றிய உருவமோ எஞ்சியிருப்போர் எதிர்பார்த்ததையே பேசிற்று. பாடலிற் குரல் மட்டுமே இரவல் பெறப்பட்டது. மேடையிலோ கருத்தும் இரவல் பெறப்பட்டது. இவ்விரண்டினுள் பின்னையது பாரதூரமானது. இறந்தவருடைய மதிப்பு உயிருள்ளவருடைய தேவைக்குச் சாட்சியாக நிறுத்தப்படுகின்றது. அச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை.

4

அவ்வாறாயின் இவற்றை மதிப்பிடும் அளவுகோல் நம்மிடம் உண்டா? உண்டு என்பதே எனது துணிபு. அதனை மேல்நாட்டு நூல்களில் மட்டும் தேட வேண்டியதில்லை. மலையகத் தோட்டங்களில் வழங்கும் கலைகளிலேயே காணலாம்.

இறந்தவரோடு பேசுவதற்கென்றே நம்மிடம் ஓர் இலக்கிய வடிவம் உண்டு, அது ஒப்பாரி. ஒப்பாரி பாடுபவள் இறந்தவரை முன்னிலையில் வைத்தே பாடுகின்றாள். கேள்வி கேட்கின்றாள், குறை சொல்கின்றாள், ஏசவும் செய்கின்றாள். மறுமொழி வருவதில்லை. அது வராமையினாலேயே அடுத்த அடி பிறக்கின்றது. மறுமொழி கிடைத்துவிட்டால் ஒப்பாரி வெறும் உரையாடலாகிவிடும். துயரம் தன் கரையைக் காணாது.

மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்து இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிந்துபோக, ரதி புலம்புகின்றாள். அவள் துயரத்துக்கு இரங்கிய இறைவன் மதனை மீட்டுத் தருகின்றான். ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே புலப்படுவான், பிறருக்கு உருவமற்றவனாகவே இருப்பான் என்று வரையறுக்கின்றான். இக்கதையை எத்தனையோ முறை தோட்டத்துக் காமன் பொட்டலில் நாம் கண்டிருப்பினும், அவ்வரையறையின் பொருளை எண்ணிப் பார்த்ததில்லை. இழந்தவளின் ஆறுதலுக்காக இறந்தவன் வரலாம், சபைக்கு வரலாகாது. தன் தந்தையின் எழுத்துகளோடு தனித்திருந்து உரையாடும் மகனுக்கும், தலைவரை மேடையேற்றும் கட்சிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இங்கு ஒரு தடை எழலாம். தோட்டத்து லயங்களிற் கோடாங்கி உடுக்கடித்து இறந்தவரை வரவழைத்துப் பேச வைப்பதில்லையா? இறந்தவர் அங்கே புதிய சொற்களையே சொல்கின்றார். அதுவும் பலர் முன்னிலையிலே சொல்கின்றார். இத்தடை வலுவானதே. ஆயினும் அங்கு பேசுவது கோடாங்கியின் வாய் என்பதை நம்புபவரும் நம்பாதவரும் கண்ணெதிரே காண்கின்றனர். சொன்னது பலிக்காவிட்டால் ஏசப்படுபவனும் அவனே. கணினித் திரையில் அந்த வாய் மறைக்கப்படுகின்றது. எழுதிக் கொடுத்தவர் யார், பணம் கொடுத்தவர் யார் என்பது புலனாவதில்லை. பொறுப்பேற்கும் ஒருவர் கண்ணெதிரே இல்லாத இடத்தில் இறந்தவரைப் பேச வைத்தல் அறமாகாது.

5

இவ்வளவும் எனக்கு வெறும் வாதமன்று. இரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்த எனது அப்பாயி, நான் பல்கலைக்கழகம் புகுந்த ஆண்டிற் காலமானார். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு வட்ஸ்அப் குரற்செய்தி பெரும் வரமாயிற்று. கட்டாரில் வேலை செய்யும் பெரியப்பாவின் மகனுக்கு அவர் அனுப்பிய செய்திகள் நூற்றுக்கு மேல் உண்டு. “சாப்புட்டியா சாமி, இங்க மழை கொட்டுது” என்பது போன்றவையே அவற்றுட் பெரும்பாலானவை. இறுதிச்சடங்குக்கு விடுமுறை கிடைக்காத அண்ணன், அச்செய்திகளைக் கொண்டு அப்பாயியைப் பேச வைக்கலாம் என்று கடந்த ஆண்டு கூறினார். நான் தயங்கியபோது அவர் சொன்னது இது: “நீ பக்கத்துலயே இருந்த. எனக்குக் குரல் மட்டுந்தானே இருந்துச்சு.” அதற்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை.

ஆனால் அந்நூற்றுக்கு மேற்பட்ட செய்திகளில் எதிலும் இல்லாத ஒரு பொருள் உண்டு. அப்பாயியின் தங்கை, 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். அம்மக்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மலையக மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. தங்கையை வழியனுப்பிய நாளைப் பற்றி வீட்டில் எவர் கேட்டாலும் அப்பாயி எழுந்து அடுப்படிக்குச் சென்றுவிடுவார். பொறுப்புணர்வு, இணக்கம் என அளக்கக்கூடிய அவருடைய குணங்கள் யாவும் குரற்செய்திகளில் உள்ளன. அவ்வாறு எழுந்து சென்றமை அவற்றில் இல்லை. நாளை அண்ணனின் பிள்ளை அந்நிரலிடம் ஒப்பாரிக் கோச்சியைப் பற்றிக் கேட்டால், அது ஏதோ ஒரு விடையைத் தரும். அன்பான குரலில், அப்பாயியின் சொற்களிலேயே தரும். அரை நூற்றாண்டாக அவர் காத்த மௌனம் ஒரு நொடியிற் கலைந்துவிடும்.

6

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை வீதியில் அலுவிகாரை அமைந்துள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயனின் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது அங்குதான் என்பது மரபு. பஞ்சமும் போரும் சூழ்ந்த காலத்தில், ஓதுவோர் மடிந்தால் ஓதப்படுவதும் மடிந்துவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பர். அத்துறவியரும் இறந்த ஆசானின் சொல்லைக் காக்கவே முற்பட்டனர். ஆனால் அவர் சொன்னதாக வந்ததை எழுதி ஏட்டைக் கட்டி வைத்தனர். புதிய கேள்விகளுக்கு உரை எழுதியோர் தத்தம் பெயரிலேயே எழுதினர். பதிவு வேறு, பதிலி வேறு என்பதை இதனிலும் தெளிவாக விளக்குதல் அரிது.

அதே வீதியே நம் முன்னோர் நடந்து வந்த வழியுமாகும். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து காடு வழியே மாத்தளைக்கு வந்தோருட் பலர் வழியிலேயே மடிந்தனர். அவர்களுடைய நினைவாக 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்து வந்தனர். வழியில் மடிந்தோருக்குக் குரற்பதிவும் இல்லை, கடிதமும் இல்லை, பெரும்பாலோருக்குப் பெயர்கூட எஞ்சவில்லை. எந்தக் கருவியாலும் அவர்களைப் பேச வைக்க இயலாது. இலக்கமுறை மறுவாழ்வு என்பது சொற்களை மிகுதியாக விட்டுச் செல்ல வாய்த்தோருக்கே உரியது என்பதையும் இது நினைவூட்டுகின்றது. பெயரற்றவர்களுக்காக நடந்தோர் அவர்கள் சார்பிற் பொய்க்குரல் எழுப்பவில்லை. தம் குரலிலேயே பேசினர். நாட்டார் பாடல்களைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் செய்ததும் இத்தகைய பணியே.

7

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று அளவுகோல்களைப் பெறலாம். இறந்தவர் உயிரோடிருந்தபோது தம் விருப்பத்தையோ மறுப்பையோ சொல்லியிருத்தல் வேண்டும்; சொல்லாதிருப்பின் அதனை உடன்பாடாகக் கொள்ளலாகாது. தனிமனித ஆறுதலுக்கு உரியதைச் சபைக்குக் கொண்டுவரலாகாது. பேசும் வாய் யாருடையது என்பது மறைக்கப்படலாகாது. சட்டமும் இத்திசையில் அடியெடுத்து வைத்துள்ளது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுக்குரியவர் என்னும் சொல்லுள் உயிரோடிருப்பவரை மட்டுமன்றி இறந்தவரையும் அடக்குகின்றது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம், தம் இறப்பின் பின் தமது தரவு பற்றிய உரிமையைச் செலுத்த ஒருவரை நியமிக்க இடமளிக்கின்றது. ஆயினும் சட்டம் தரவைக் காக்கும். மௌனத்தைக் காப்பது உறவினரின் கடமை.

அண்ணனுக்கு நான் பின்னர் எழுதினேன். அப்பாயியின் குரற்செய்திகள் யாவற்றையும் திகதி வாரியாக ஒழுங்குசெய்து அனுப்பினேன். மழை கொட்டும் நாளில் அவர் எதனைச் சொன்னாரோ அதனை எத்தனை முறை வேண்டுமாயினும் கேட்கலாம்; அவர் சொல்லாததை மட்டும் நாம் அவர் வாயில் இடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் இன்னும் உடன்படவுமில்லை, மறுக்கவுமில்லை. அவருடைய துயரத்தின் மீது தீர்ப்பளிக்கும் உரிமை எனக்கில்லை. ஆயினும் இத்தகைய வினா நாளை நம் ஒவ்வொருவர் வீட்டிலும் எழப்போகின்றது. அது எழுமுன்னரே, உயிரோடிருக்கும் முதியோரிடம் அவர்கள் எதனைச் சொல்ல விரும்புகின்றனர், எதனைச் சொல்லாது விட விரும்புகின்றனர் என்று கேட்டு வைத்தல் நம் கடன்.